மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு எழுதிப் பிழைக்கலாமா?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சில ஆண்டுகளாக இரவு நேரங்களில் மொழிபெயர்ப்பு செய்கிறேன், பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத்தையே நம்பி ஃப்ரீலான்ஸராக இருக்க ஆசை. வீட்டில் மனைவி, பள்ளியில் படிக்கும் மகள். இந்தத் தொழிலின் அன்றாடம் எப்படி இருக்கும்? வருமானம் நிலைக்குமா? விலகுவதென்றால் எப்போது விலகலாம்?

பதில்:

பிழைக்கலாம். நான் பல ஆண்டுகளாக இந்த வருமானத்தில்தான் சென்னையில் குடும்பம் நடத்துகிறேன். என்னைப் போல இன்னும் பலரைத் தெரியும். ஆனால் கதையும் நாவலும் எழுதி அந்த வருமானத்தில் வாழ்வதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால் என்னால் தைரியம் சொல்ல முடியாது. தமிழில் உரிமைத்தொகை பெரும்பாலும் புத்தக விலையில் பத்து சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. 300 ரூபாய் விலையுள்ள நாவல் 500 பிரதி விற்றால் எழுதியவர் கைக்கு வருவது 15,000 ரூபாய். அதை எழுத எத்தனை ஆண்டு ஆனது என்பது அந்தக் கணக்கில் வராது.

நான் சொல்லும் பிழைப்பு, மற்றவர்களுக்குத் தேவைப்படும் தமிழை எழுதிக் கொடுப்பது. நிறுவனக் கையேடுகளை மொழிபெயர்ப்பது, பதிப்பகங்களுக்கு மெய்ப்பு பார்ப்பது (அச்சுக்கு முன் பிழை திருத்துவது), விளம்பர வாசகம், செயலிகளில் வரும் சின்னச் சின்ன வரிகள், படங்களுக்கும் தொடர்களுக்கும் வசன வரிகள், தொண்டு நிறுவனங்களின் அறிக்கை, கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளியின் நூற்றாண்டு மலர், பெரியவர்களின் வாழ்க்கை வரலாறு. இவற்றோடு பத்திரிகைக் கட்டுரையும் சேரும். காலையில் இருமல் மருந்தோடு வரும் துண்டுத் தாளுக்குத் தமிழ் எழுதிவிட்டு, மத்தியானம் பட்டுப்புடவை விளம்பரத்துக்கு நான்கு சொல் தேடி, சாயங்காலம் நீர் மேலாண்மை பற்றிய அறிக்கையில் உட்காருவது சாதாரணமாக நடக்கும். இந்தக் குரல் மாற்றம் பிடித்திருந்தால் தொழில் இனிக்கும். பிடிக்காவிட்டால் சில மாதங்களிலேயே அலுத்துவிடும்.

வெளியே இருப்பவர்கள் இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம் என்றால் சில மாதம் வேலை வரும், சில மாதம் வராது என்று புரிந்துகொள்கிறார்கள். ஓரளவு பெயர் தெரிந்துவிட்ட பிறகு சுத்தமாக வேலையே இல்லாத மாதம் அரிது. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வேலையை முடித்து அனுப்பிய நாளுக்கும், அதற்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறும் நாளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் ஃப்ரீலான்ஸர் வாழ்கிறார். அந்த இடைவெளியைச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் இந்தத் தொழிலில் நிற்கிறார்கள். என்னைவிட நன்றாக எழுதியவர்கள் அது முடியாமல் மாதச் சம்பளத்துக்குத் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். தீபாவளி மலருக்கு ஆகஸ்ட்டில் கட்டுரை கேட்பார்கள். நீங்கள் செப்டம்பர் தொடக்கத்தில் கொடுப்பீர்கள். மலர் அக்டோபரில் கடைக்கு வரும். அச்சானதற்குப் பிறகுதான் சன்மானத்துக்கான வேலையே பத்திரிகை அலுவலகத்தில் தொடங்கும் என்பதால், நவம்பரிலோ டிசம்பரிலோ பணம் வரும். மொழிபெயர்ப்பு ஏஜென்சிகள் பில் கொடுத்த மாதம் முடிந்ததிலிருந்து 45 நாள், 60 நாள் என்று தவணை வைத்திருக்கும். விளம்பர நிறுவனங்கள் பலவும், தங்களுக்கு வாடிக்கையாளர் கொடுத்த பிறகுதான் உங்களுக்குக் கொடுக்கும். சிறிய பதிப்பகங்களுக்குப் பணப் புழக்கம் இருப்பது புத்தகக் காட்சிக்குப் பிறகுதான். தன் சொந்தக் காசில் எழுதி வாங்கும் தனிமனிதர்தான் அன்றைக்கே கொடுத்துவிடுகிறார். நிறுவனம் பெரிதாகப் பெரிதாகப் பணம் தாமதமாக வரும் என்பது என் அனுபவம்.

ஆகவே செப்டம்பரில் நீங்கள் ஓய்வில்லாமல் உழைத்துக்கொண்டிருப்பீர்கள், பார்க்கிற எல்லோரும் "நல்ல வேலை போல" என்பார்கள், மளிகைக் கடைக்கு மட்டும் பாக்கி இருக்கும். பிப்ரவரியில் வேலை குறைவாக இருக்கும்போது பழைய பணமெல்லாம் சேர்ந்து வந்து இறங்கும். வந்த மாதத்தில் கை தாராளமாகச் செலவழித்தால் அடுத்த இறக்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நான் செய்வது இதுதான்: வருகிற பணமெல்லாம் ஒரு கணக்குக்குப் போகும். அதிலிருந்து மாதம் முதல் தேதி, ஒரே தொகை, வீட்டுக் கணக்குக்கு மாறும். நல்ல மாதமானாலும் மோசமான மாதமானாலும் அந்தத் தொகை மாறாது. என் மனைவிக்கு இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம் முதல் கணக்கில் மட்டும்தான் தெரியும், அடுப்படியில் தெரியாது. இந்த ஏற்பாட்டுக்கு முன்பு வீட்டில் இருந்த மனக்கசப்பும் இதற்குப் பிறகு வந்த நிம்மதியும் எனக்குத் தெரியும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆண்டின் ஓட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும். அதற்காக அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதிப்பகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மெய்ப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஆள் தேடும். அந்த மூன்று மாதத்தில் வருகிற எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளத் தோன்றும். கண்ணும் முதுகும் தாங்காது. மார்ச் மாதம் நிறுவனங்கள் ஒதுக்கிய பட்ஜெட்டைத் தீர்ப்பதற்காக அவசர வேலைகளைத் தரும். ஏப்ரலும் மேயும் மந்தம். ஜூனில் பள்ளிக் கட்டணம் வந்து நிற்கும். உங்கள் வீட்டிலும் அதே நிலைமை என்பதால் குறித்து வையுங்கள்: வரவு மிகக் குறைவான பருவத்துக்கு அடுத்தபடியாகச் செலவு மிக அதிகமான மாதம் வருகிறது.

கூலி பேசுவதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆயிரம் வார்த்தை உள்ள கட்டுரை தமிழில் எழுநூறு, எண்ணூறு வார்த்தையாக நிற்கும். வேற்றுமை உருபும் துணைவினையும் நம் மொழியில் சொல்லோடு ஒட்டிக்கொள்வதுதான் காரணம். "வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்" என்று எழுதினால் கணினி அதை ஒரே வார்த்தையாகத்தான் எண்ணும். ஆகவே வார்த்தைக்கு இவ்வளவு என்று பேசும்போது மூலத்தின் வார்த்தையா, தமிழ் வார்த்தையா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். கணக்குக்காக வார்த்தைக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20,000 வார்த்தைக் கையேட்டுக்கு மூலக் கணக்கில் 30,000 ரூபாய். அதே வேலை தமிழில் 15,000 வார்த்தையாக வந்து, அதை எண்ணிக் கொடுத்தால் 22,500. ஒரே உழைப்பு, ஒரே விலை, எண்ணுகிற இடம் மட்டும் வேறு.

மெய்ப்பு வேலையில் இதே விஷயம் பக்கக் கணக்கில் வரும். பக்கத்துக்கு இவ்வளவு அல்லது பதினாறு பக்கம் கொண்ட ஒரு பாரத்துக்கு இவ்வளவு என்பார்கள். எழுத்தின் அளவு என்ன, ஒரு பக்கத்தில் எத்தனை வரி என்று பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பொடி எழுத்தில் நெருக்கி அடித்த ஆய்வு நூலின் ஒரு பக்கம், சிறுவர் நூலின் மூன்று பக்கத்துக்குச் சமம். இன்னும் சில அச்சகங்கள் யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருவில்தான் கோப்பு கேட்கின்றன. மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிப்போகும், மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகிவிடும். அதனால் முழுவதையும் இன்னொரு முறை படித்தாக வேண்டும். அந்த இரண்டாம் வாசிப்புக்கும் கூலி உண்டு என்று முன்பே சொல்லிவிடுவது உங்கள் உரிமை. சொன்னால் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள். கேட்காதவருக்கு யாரும் தாமாகத் தருவதில்லை.

இப்போது உங்களுக்குச் சாதகமான ஒன்று. நீங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள். எழுத வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இல்லாத பலம் அது. ஒரு பில் உள்ளே வந்தால் எந்த மேசைக்கெல்லாம் போகும், எது குறைந்தால் ஓரமாக வைக்கப்படும், மாதத்தில் எந்தத் தேதிகளில் பணம் அனுப்புவார்கள் என்பது உங்களுக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. வேலை கொடுத்த ஆசிரியரை அழைத்துப் பணம் கேட்பது ஃப்ரீலான்ஸர்கள் வழக்கம். அவர் நல்லவராக இருப்பார், "சொல்கிறேன்" என்பார், அவர் கையில் எதுவும் இருக்காது. முதல் வேலையின்போதே கணக்குப் பிரிவில் யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பான் எண், வங்கி விவரம், அவர்கள் கேட்கும் பதிவுப் படிவம் எல்லாவற்றையும் வேலை தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். வேலை உத்தரவு எண் இல்லாமல் பெரிய வேலையில் கை வைக்காதீர்கள். எனக்கு வேலை கொடுத்த ஓர் ஆசிரியர் நடுவில் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். அந்த நிறுவனத்தில் அதற்குப் பிறகு வந்தவர்கள் யாருக்கும் என்னையும் தெரியவில்லை, வேலையையும் தெரியவில்லை. உத்தரவு எண் இருந்ததால்தான் பணம் வந்தது.

நினைவூட்டல் எழுதக் கூச்சப்படாதீர்கள். கெஞ்சவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம். ஆகஸ்ட் 20 அன்று ஒப்படைத்த பயிற்சிக் கையேட்டின் தமிழாக்கத்துக்கான பில்லை (எண் 14, ரூ.30,000) ஆகஸ்ட் 21 அன்று அனுப்பியிருந்தேன். ஒப்புக்கொண்ட 30 நாள் தவணை செப்டம்பர் 20 அன்று முடிந்தது. எந்தத் தேதியில் பணம் அனுப்பப்படும் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். பில்லின் நகலை மீண்டும் இணைத்துள்ளேன்."

தேதி, எண், தொகை, கேள்வி. வேறெதுவும் வேண்டியதில்லை. மகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டும், உடம்பு சரியில்லை என்றெல்லாம் எழுதினால் நீங்கள் உதவி கேட்பதாக ஆகிவிடும். கேட்பது உங்கள் கூலி.

சட்டமும் உங்கள் பக்கம் ஓரளவு இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதாரை வைத்து இலவசமாகக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். தனியாளாக மொழிபெயர்ப்புச் சேவை செய்பவரும் பதியலாம். பதிவு செய்தவருக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் பொருந்தும். எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். புகாருக்கு அரசின் இணையத்தளமும், அதன் பின்னால் மாநில அளவில் ஒரு மன்றமும் இருக்கின்றன. பதிவு, வேலையைத் தொடங்கும் முன்பே இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு கிடுக்கிப்பிடியும் வந்திருக்கிறது: இப்படிப் பதிந்த குறு, சிறு தொழிலுக்கு உரிய நாளுக்குள் பணம் தராத நிறுவனம், அந்தத் தொகையைக் கொடுத்து முடிக்கும் வரை அதைத் தன் செலவாக வரிக் கணக்கில் காட்ட முடியாது. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதன் வலிமையை நான் விளக்க வேண்டியதில்லை. நான் ஒரு முறைகூட மன்றத்துக்குப் போனதில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டதே போதுமானதாக இருந்திருக்கிறது.

வரிப் பிடித்தமும் இடைவெளியை நீட்டும். ஒரு நிறுவனம் ஓராண்டில் உங்களுக்குத் தரும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். 2025 ஏப்ரலுக்கு முன்பு இந்த வரம்பு 30,000. சில நிறுவனங்கள் அதை ஒப்பந்த வேலையாகக் கொண்டு ஒரு சதவீதம் மட்டும் பிடிக்கும். புதிய வரி முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரி இல்லை என்பதால், நம்மில் பெரும்பாலானோருக்கு அந்தப் பத்து சதவீதம் திரும்பி வர வேண்டிய பணம். கணக்குத் தாக்கல் செய்தால்தான் வரும். பிடித்த வரியை உங்கள் பான் எண்ணில் அவர்கள் கட்டினார்களா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவைப் பற்றிப் பொதுவாகக் கவலை வேண்டாம்.

பதிப்புரிமையைப் பற்றி ஒரு வார்த்தை. சம்பளத்துக்கு எழுதும்போது எழுத்து பொதுவாக முதலாளியுடையது. நீங்கள் வெளியாளாக எழுதும்போது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமையாளர் பொதுவாக நீங்களே. எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் ஐந்தாண்டு, எந்த நாட்டுக்கு என்று இல்லையென்றால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். விளம்பர வாசகத்தை முழுவதுமாக எழுதிக் கொடுத்துவிடுவதில் எனக்கு வருத்தமில்லை. புத்தக மொழிபெயர்ப்பில் மட்டும் எல்லா வடிவத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் என்ற வரி இருந்தால் கையெழுத்துக்கு முன் நிறுத்திப் பேசுங்கள். ஒலிப்புத்தகம் வந்த பிறகு அந்த ஒரு வரியின் மதிப்பு கூடியிருக்கிறது.

பணத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் ஏன் இதில் இருக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வைத்துத் தொழில் செய்தவர் ஒருவர் தன் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தன் வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாகக் கொடுக்க ஆசைப்பட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுக் கேட்டேன். ஆந்திரா, ராஜஸ்தான் என்று வண்டியோடு போன ஊர்களைச் சொன்னார். மேலே வரும் மண்ணின் நிறத்தை வைத்து, குழாய் இறங்கும்போது வரும் சத்தத்தை வைத்து, கீழே என்ன பாறை என்று எப்படிக் கண்டுபிடிப்பார் என்று சொன்னார். "தம்பி, தண்ணி வந்தால் ஊரே வந்து நிற்கும். வராத இடத்தில் ராத்திரியோடு ராத்திரியாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவோம். அந்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "அந்த ஊரில் வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்ததையும் சொல்லுங்கள்" என்றார். அவர் அதைச் சொல்லத் தயங்கினார். நான் அதைத்தான் அந்த அத்தியாயத்தின் முடிவாக வைத்தேன். எழுதியதை வாசித்துக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, முதலிலிருந்து மறுபடியும் வாசிக்கச் சொன்னார். பேசிய பணத்தை முழுதாக, தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

அந்தப் புத்தகத்தில் என் பெயர் இல்லை, அது கடைக்கும் வரவில்லை. ஒரு மனிதர் தன் வாழ்க்கையைத் தன் குரலிலேயே படித்துக் கேட்க என் தமிழ் உதவியது. இந்தத் தொழிலில் இருப்பதால் மட்டுமே எனக்குத் திறந்த வீடுகள், தெரியவந்த தொழில்கள் நிறைய. கரும்பு ஆலை, கண் மருத்துவமனை, கடல் ஆமைகளைக் காக்கும் குழு என்று ஒவ்வொன்றையும் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். சம்பள வேலையில் எனக்கு இது கிடைத்திருக்காது.

அன்றாடம் என்று கேட்டீர்கள். நாள் முழுவதும் வீட்டில் இருப்பவர் வேலையில் இருப்பதாக யாருக்கும் தோன்றாது. சிலிண்டர் வாங்கி வைப்பது, வங்கிக்குப் போவது, ஊரிலிருந்து வருகிற மாமாவை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருவது எல்லாம் உங்கள் மேல் விழும். அதில் தவறில்லை, குடும்பம் என்றால் அப்படித்தான். ஆனால் காலையில் ஒரு மூன்று மணி நேரத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு பிடித்துவிடுங்கள். என் அன்றாட வேலையில் முக்கால் பங்கு பதினொரு மணிக்குள் முடிந்துவிடும். மத்தியானத்தில் திருத்தம், பில், தொலைபேசி. அலுவலகத்தில் தேநீர் வேளையில் நாலு பேரோடு பேசிய பழக்கம் உள்ளவருக்கு முதல் ஆண்டில் தனிமை பெரிதாகத் தெரியும். வாரம் ஒரு நாளாவது நூலகத்திலோ நண்பர் அலுவலகத்திலோ உட்கார்ந்து வேலை செய்யுங்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததற்குப் பிறகு நம் வேலையின் அடித்தட்டு கரைந்துகொண்டிருக்கிறது. இணையத்தளங்களுக்கு மொத்தமாகக் கட்டுரை எழுதிக் கொடுத்தவர்களுக்கு வேலை குறைந்திருக்கிறது. ஏஜென்சிகள் இயந்திரம் மொழிபெயர்த்ததை அனுப்பி, திருத்தித் தரச் சொல்லிப் பாதிக் கூலி பேசுகின்றன. தமிழில் அந்தத் திருத்தம் பாதி வேலையாக இருப்பதில்லை. ஒரே திரையில் மேல் வரி "நீங்கள்" என்றும் கீழ் வரி "உன்" என்றும் பேசும், எல்லா வினையும் "படுகிறது" என்று முடியும், வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருந்தும் எந்தத் தமிழனும் அப்படிச் சொல்ல மாட்டான். இத்தகைய வேலையை வார்த்தைக் கணக்கில் வாங்காமல் மணிக்கணக்கில் வாங்குங்கள். அதைவிட முக்கியமாக, ஆளைப் பார்த்துக் கேட்டு எழுத வேண்டிய வேலைகள், தவறினால் ஆபத்து உண்டாகும் மருத்துவ, சட்ட மொழிபெயர்ப்புகள், நல்ல பதிப்பகங்களின் செம்மையாக்கம் ஆகியவற்றின் பக்கம் நகருங்கள். கணக்கும் வரியும் தெரிந்த, தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்த ஆட்கள் குறைவு. உங்களுக்கு அந்தத் துறையிலேயே ஒரு வாசல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எல்லோரும் நிற்கும் வரிசையில் போய் நிற்காதீர்கள்.

உங்கள் சொந்தக் கதைகளுக்கு நேரம் இருக்குமா என்றால், தானாக இருக்காது. நாள் முழுவதும் பிறருக்காக எழுதிய பிறகு ராத்திரியில் சொந்த எழுத்து வருவதில்லை. நான் அந்தக் காலை மூன்று மணி நேரத்தில் ஞாயிறு ஒன்றை மட்டும் எனக்கென்று வைத்திருக்கிறேன். மெதுவாக நடக்கிறது, ஆனால் நடக்கிறது.

விலகும் முன் சிலவற்றை முடித்துக்கொள்ளுங்கள். நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடு பொதுவாக வேலையோடு போய்விடும். சொந்தமாக எடுக்கும் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம் என்பதால், சம்பளத்தில் இருக்கும்போதே எடுங்கள். வீட்டுக்கடன் எண்ணம் இருந்தால் இப்போதே வாங்குங்கள். சம்பளம் இல்லாதவரிடம் வங்கிகள் வழக்கமாக இரண்டு, மூன்று ஆண்டு வரிக் கணக்கைக் கேட்கும். ஐந்தாண்டு பணி முடிய இன்னும் சில மாதம்தான் என்றால் பணிக்கொடைக்காகப் பொறுத்திருங்கள். வருங்கால வைப்பு நிதியைத் தொடாதீர்கள். ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்க வேண்டும். நான் மேலே சொன்ன இடைவெளிகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் முதல் நல்ல வரவுக்கு நான்கைந்து மாதம் ஆகும் என்பதால்தான் ஆறு என்கிறேன்.

எப்போது என்ற கேள்விக்கு: ஏப்ரலில் விலகாதீர்கள். புது நிதியாண்டு என்று பலரும் அப்படிச் செய்கிறார்கள். மந்தமான பருவத்தில் தொடங்கி நேராக ஜூனில் போய் முட்டிக்கொள்வார்கள். ஜூலையில் கடிதம் கொடுத்து, அறிவிப்புக் காலம் முடிந்து ஆகஸ்ட் கடைசியில் வெளியே வாருங்கள். செப்டம்பரில் மலர் வேலைகளின் கடைசிச் சுற்று கிடைக்கும், அக்டோபரிலிருந்து புத்தகக் காட்சிக்கான வேலை தொடங்கும். வெளியே வரும் முன்பே இரண்டு பதிப்பகங்களிடமும் ஓர் ஏஜென்சியிடமும் பேசி, மாதிரி வேலை கொடுத்து, பதிவுப் படிவங்களை நிரப்பிவிடுங்கள். டிசம்பர் வரை உழைத்ததற்கான பணம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான் கைக்கு வரும். அதுவரை சேமிப்பில்தான் ஓட்ட வேண்டியிருக்கும். மகளின் அடுத்த ஜூன் கட்டணத்தை மட்டும் அந்தச் சேமிப்போடு சேர்க்காமல், இப்போதே தனியாக ஒரு வைப்புத்தொகையில் போட்டு வையுங்கள்.